பின்னணி இசை இல்லாமல்

வயலின் மட்டும் இல்லாவிட்டால், தொலைக்காட்சித் தொடர் பார்த்து மனித குலம் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டிருக்காது என்பது அண்ணனின் ஆராய்ச்சி முடிவு. அதை நிரூபிக்க, கதாநாயகி பெட்டியோடு வாசலைத் தாண்டும் நேரம் பார்த்து ரிமோட்டால் சத்தத்தை நிறுத்துகிறான். "இப்பப் பாரும்மா. பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பள மாதிரி இல்ல?" திரையின் நீல வெளிச்சம் அம்மாவின் கண்ணாடியில் அசைகிறது. "சத்தத்த வைடா" என்கிறாள். அந்த அமைதியில், உள்ளறையில் அப்பா தன் பெட்டியின் ஜிப்பை இழுப்பது கேட்கிறது. பாதியில் துணி சிக்குகிறது; பின்னால் தள்ளி மறுபடி இழுக்கிறார். இனிமேல் அந்த இன்னொரு வீட்டில்தான் இருக்கப்போவதாகக் காலையில் சொன்னவர். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வைடான்னு சொல்றேன்ல." பெட்டியின் சக்கரங்கள் கூடத்துக்குள் உருண்டு வருவதற்குள், அண்ணன் அத்தனை வயலின்களையும் உச்சத்துக்கு ஏற்றுகிறான்.