மதிலுக்கு அந்தப் பக்கம்

"ஆச்சி கடைசியா ஏதாவது ஆசை சொன்னாங்களாம்மா?"

சாமியார் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

பேத்தி சவப்பெட்டிக்குள் பார்த்தாள். செபஸ்தியம்மாள் ஆச்சி புதுச் சேலையில் கிடந்தாள். கோத்து வைத்த விரல்களுக்குள் பழைய செபமாலை.

சொன்னாள். போன வாரம், கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு ஆச்சி இவளிடம் சொன்னாள்.

"ஏட்டி, என்னய மதிலுக்கு அந்தப் பக்கம் போடச் சொல்லு. ஒங்கம்மகிட்ட."

வேறு யார் காதிலும் அது விழவில்லை.

வெளியே பந்தலில் ஆச்சியின் மகன் தொம்மை மாமா வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் பெரிய சிலுவைக்குப் பக்கத்திலேயே குழி. எல்லோருக்கும் கிடைக்கிற இடமா அது?

ஆச்சிக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்! முதல் மணி அடிக்கும் முன்பே கோயில் வாசலில் நிற்கிறவள். தவசு காலம் முழுக்க ஒரு பொழுதுச் சாப்பாடுதான். பொய் என்று ஒரு வார்த்தை அந்த நாக்கில் புரண்டதில்லை. ஊரே சொல்லும்.

அந்த நாக்குதான்.

பேத்தி பல் முளைக்காத பிள்ளையாக இருந்தபோது அவள் அம்மா ரொசாலி, ஆச்சியின் மகள், கிணற்றில் விழுந்தாள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. வழுக்கிவிட்டது என்று சொல்ல ஊர் தயாராக இருந்தது. அன்றைய சாமியாரும் தயாராகத்தான் இருந்தார். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஆச்சியிடம் கேட்டாராம்.

"தண்ணி எடுக்கப் போயி வழுக்கித்தானம்மா விழுந்தா?"

ஒரு 'ஆமா' போதும்.

ரொசாலி கழற்றி வைத்துவிட்டுப் போன செபமாலை கிணற்று மேட்டில் கிடந்தது. ஆச்சி ஒருத்திதான் அதைப் பார்த்தாள். எடுத்து மடியில் முடிந்துகொண்டவள், அதோடு வாயையும் மூடியிருக்கலாம். வீட்டுச் சுவரில், ஆண்டவர் சிலுவையில் அறைபட்ட பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"இல்ல சாமி. அவளாத்தான் குதிச்சா."

தானாக உயிரை விட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண் கிடையாது. தோட்டத்து மதிலுக்கு வெளியே, உடைமரத்தடியில், மணியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் மூடினார்கள்.

ஏன் குதித்தாள் என்று ஒருவர் கேட்கவில்லை. எங்கே புதைப்பது என்றுதான் கேட்டார்கள்.

முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய அன்று, வெள்ளை உடுப்போடு வரிசையில் நின்ற பேத்தியைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். "மதிலுக்கு வெளிய கெடக்கவ மவ."

அந்த உடுப்பை அவள் மறுபடி போடவே இல்லை.

ஞாயிறுதோறும் ஆச்சி பழைய மருந்துக் குப்பியில் கோயில் தீர்த்தம் பிடித்து வருவாள். வீட்டில் தெளிக்க என்று ஊர் நினைத்தது. கூடவே நடந்த பேத்திக்குத் தெரியும். மதிலைச் சுற்றிப் போய், முள்ளை ஒதுக்கி, உடைமரத்தடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். சாமியார் மந்திரிக்காத மண்ணைத் தானே மந்திரித்துவிடலாம் என்று பார்த்தாள். அழமாட்டாள். குப்பியைத் தட்டிக் கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டுத்தான் நிமிர்வாள். நடக்க முடிந்த காலம்வரை அப்படித்தான்.

ஆச்சி பாவம்தான். யார் இல்லையென்றார்கள்?

ஆனாலும் அன்றைக்கே அந்த 'ஆமா'வைச் சொல்லியிருந்தால் தீர்த்தம் எதற்கு?

இப்போதைய சாமியார் நல்ல மனுஷர். பழைய சட்டமும் இப்போது இல்லை. கேட்டால் சரியென்றுவிடுவார். மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், பிறகு அடங்கிவிடுவார். அவள் வாயிலிருந்து ஒரு 'ஆமா' வந்தால் ஆச்சி மகளிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"சொல்லும்மா" என்றார் சாமியார்.

சுவரில் அதே சுரூபம். அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

"இல்ல சாமி. ஒண்ணும் சொல்லல."

நாக்கு குழறவில்லை. இடி விழவில்லை. சாமியார் தலையசைத்துவிட்டுச் செபப் புத்தகத்தைத் திறந்தார்.

இவ்வளவுதானா? இவ்வளவு லேசா?

அவள் குனிந்து ஆச்சியின் காதருகே போனாள். கடைசி முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்து, சுற்றியிருந்த பெண்கள் சத்தமாக அழுதார்கள்.

"அன்னைக்கி ஒரு பொய் சொல்ல ஒனக்கு என்ன கேடு, ஆச்சி?"

பிறகு, விறைத்த விரல்களுக்குள் கையை விட்டு அம்மாவின் செபமாலையை இழுத்தாள்.

ஆச்சி லேசில் விடவில்லை.