மீசை விழுந்தால்தான் பரிசு

"மீசை கட்டாயம் விழணும். விழாதவங்களுக்குப் பரிசு கிடையாது" என்றார் ஜாபர் சாதிக்.

மட்டாஞ்சேரியில் அவர்களுடைய நாடக மன்றத்துக்கு ஐம்பது வயது நிறைகிறது. அதற்காக ராஜா ராணி வேஷத்தில் ஒரு விருந்து. ஜிகினாத் தாள் கிரீடம், அட்டைக் கத்தி, பஞ்சு தாடி, நிற்காத ஒட்டு மீசை. எவ்வளவு மட்டமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

"அப்ப நான் என் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டாள் அவர் மனைவி சகீலா.

"ஜன்னல் திரையைச் சுத்திக்கிட்டு வாங்க, மகாராணி."

கூடியிருந்த மன்றத்தார் எல்லோரும் சிரித்தார்கள், செல்லப்பாவைத் தவிர. மன்றத்தின் பதினெட்டுச் சரித்திர நாடகங்களுக்கும் ஒப்பனை போட்டவர் அவர். ஒட்டியது நூற்று நாற்பத்தாறு மீசை. விழுந்தது ஒன்றே ஒன்று.

"நம்ம வேலையை நாமளே கேலி பண்றதா, சாதிக்? அப்பல்லாம் நம்ம ராஜா மேடை ஏறினா, ஆலுவாவுல இருந்து வந்த சனம்கூட மூச்சு விடாது."

"அந்த ராஜாவைத்தான் கூப்பிடப் போறோம். சாயாவைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க அண்ணே."

பள்ளுருத்தியில் இருக்கும் இசக்கிமுத்துவின் வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது சாதிக் விஷயத்தை உடைத்தார்.

"முப்பது வருஷமாச்சு. ராஜா வேஷத்துல போர்க்கள வசனம் பேசும்போது இசக்கிமுத்து மீசை விழுந்து, ஊரே சிரிச்சுது. வேர்வையை அழுந்தத் துடைச்சிட்டான்னு நீங்களே சொன்னீங்க. அன்னைக்குப் போனவர் மன்றத்துப் பக்கம் திரும்பவே இல்ல. எல்லார் மீசையும் விழுற இடத்துக்கு வர அவருக்கு என்ன கூச்சம்?"



இசக்கிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்லா நடத்துங்க சாதிக். நான் வரல."

"ஒரு நாள்தானே அண்ணே…"

"வேண்டாம்ப்பா."

செல்லப்பா எழுந்து நின்றார்.

"இசக்கி, அன்னைக்கு மீசை ஒட்டுற கோந்து தீந்துபோச்சு. கடையும் அடைச்சாச்சு. போஸ்டருக்குக் காய்ச்சின மைதாப் பசை மிச்சம் இருந்துச்சு. அதைத்தான் தடவினேன். என் பேரு கெட்டுடும்னு பழியை உன் மேல போட்டுட்டேன்."

சாதிக் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

இசக்கிமுத்து மெல்லச் சிரித்தார். "எனக்கு அது அன்னைக்கே தெரியும்யா. பசை உதட்டுல வழியும்போது மைதா ருசி தெரியாமலா போகும்? மன்றத்துக்கு வந்தா யாராவது கிண்டிக் கேப்பாங்க, வாய் தவறி உன் பேரைச் சொல்லிடுவேனோன்னுதான் இத்தனை வருஷமா வராம இருந்தேன்."