இரும்பு ரவை

டக்.

காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது துப்பாக்கி ரவை. கடுகுக்குப் பெரியது, மிளகுக்குச் சின்னது.

ஆர்லிஸின் கை அப்படியே நின்றது. தோலுரித்த காட்டுப்பறவை, ஒரு ஃபெசன்ட் சேவல், பலகைமேல் மல்லாந்து கிடந்தது. காந்தத்தை மறுபடி நெஞ்சுக்கறிமேல் தடவினாள்.

டக். டக்.

அந்தக் காந்தத்துக்கு இன்று வேலையே இல்லை. அவள் புருஷன் டெல்மர் சுடுவது ஈய ரவை. ஈயம் காந்தத்தில் ஒட்டாது. பக்கத்துப் பண்ணை வெண்டல் கொண்டுவந்து கொடுக்கும் பறவைகளுக்குத்தான் காந்தம். அவன் அரசாங்கச் சதுப்பிலும் வேட்டையாடுகிறவன். அங்கே ஈயம் கூடாது, இரும்புதான்.

நாலு வருஷத்துக்கு முன் அவன் கொடுத்த கறியைக் கடித்துப் பாதிரியாருக்குக் கடைவாய்ப்பல் போனது. சுட்டவனை ஊர் விட்டுவிட்டது, சமைத்தவளைப் பிடித்துக்கொண்டது. அன்றுமுதல் எந்தப் பறவை வந்தாலும் அவள் கை தானாகக் காந்தத்தைத் தேடும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வெண்டல் காபி குடித்துக்கொண்டிருந்தான். டக் சத்தம் கேட்டதும், கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன்போல் குனிந்துகொண்டான்.

வராந்தாவில் டெல்மர், அபர்டீனிலிருக்கும் தம்பியோடு போனில்.

"நாப்பது கஜம்டா! லேசா ஒரு தூக்கு, தொப்புனு விழுந்துச்சு!"

மகளுக்குச் சொன்னபோது அது முப்பது கஜமாக இருந்தது.

இந்தச் சேவலுக்கு எவ்வளவு கனம் என்று ஊருக்கே தெரியும். போன மாதம் ஆராதனை முடிந்து தேவாலயத்தில் எல்லாரும் காபி குடிக்கும்போது டெல்மர் வாயை விட்டிருந்தார். வேட்டை சீசனின் முதல் நாள் ஒரு சேவலாவது விழவில்லையென்றால் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, பண்ணையையும் விட்டுவிட்டு, சூ ஃபால்ஸில் மகள் வீட்டுக்குப் பக்கத்து அபார்ட்மெண்டுக்குக் குடிபோய்விடுவாராம்.

ஆர்லிஸ் அப்போது கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றதை நாலு பேர் பார்த்தார்கள்.

அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. ஒரு லிஃப்ட். வேறு யாராவது தள்ளுகிற பனி. ஐம்பத்தொரு குளிர்காலம் பனிவாரி பிடித்த தோள் இப்போது சட்டைக்குள் நுழையவே கெஞ்சுகிறது.

டெல்மருக்குக் கண்ணில் புரை, காது அரைகுறை. சாஸ்திரத்துக்கு மட்டும் குறைவில்லை. துப்பாக்கிக் குழல் முனையில் திருகி மாட்டும் விரல்நீளக் குழாய்தான் வேட்டையின் உயிர் என்பார். அக்டோபரில் பறவை காலடியிலிருந்து எழும்பும். அகலவாய் போடு, ரவை விரிந்து போகும், குறி கொஞ்சம் பிசகினாலும் படும். பனி விழுந்தபின் பயந்த பறவை தூரத்தில் எழும்பும். அதற்கு இறுக்கவாய், ரவை கொத்தாகப் போகும். மாற்றிப் போட்டாயோ, ஊசியால் கொசுவைக் குத்துகிற கதைதான்.

எந்தத் தோட்டாவுக்கு எந்த வாய் என்று களஞ்சியச் சுவரில் காகிதம் ஒட்டிச் சுட்டுப் பார்ப்பார். வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளைப் பேனாவால் புள்ளிவைத்து எண்ணிச் சொல்வது ஆர்லிஸ். அதுவும் ஐம்பத்தொரு வருஷம்.

சீசனின் முதல் நாளான இன்று, வெண்டலோடு போன சோளக்காட்டில் பதினோரு சேவல் அவர் காலடியிலிருந்து எழும்பின. பதினொன்றும் வாலை ஆட்டிக்கொண்டு போயின.

பன்னிரண்டாவது விழுந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சுட்டீங்களாக்கும்?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

"அவருக்குத்தான் காது கேக்காதே." வெண்டல் கோப்பையை விட்டு நிமிரவில்லை. "எழுபத்தெட்டு வயசு மனுஷன், கண்ணு கலங்கி நிக்கிறாரு. கை சும்மா இருக்கல, ஆர்லிஸ்."

"உன் கை சும்மா இருந்திருந்தா என் தோள் பொழச்சிருக்கும்."

ஒரு வார்த்தை போதும். டெல்மர் வாய்ச்சவடால்தான், ஆனால் அடுத்தவன் சுட்ட பறவையைத் தன்னதென்று சொல்லும் ரகமில்லை. இரும்பைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் துப்பாக்கி சுவர் ஏறிவிடும்.

மூன்று ரவையையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வராந்தாப் பக்கம் திரும்பினாள்.

"நில்லுங்க."

வெண்டல் சட்டைப்பையிலிருந்து விரல்நீளக் குழாயொன்றை எடுத்து, சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சத்தம் வராமல் வைத்தான். இறுக்கவாய்.

"திரும்பி வரும்போது அவர் துப்பாக்கிய நான்தான் துடைச்சேன். வாயில இதுதான் இருந்துச்சு. கழட்டிட்டு அகலவாய மாட்டி வெச்சுட்டேன். அவருக்குத் தெரியாது."

ஆர்லிஸ் மேஜைக்குத் திரும்பி வந்தாள்.

"அவரு அக்டோபர்ல இத மாட்டவே மாட்டாரு. மரையில எண்ணெய் வேற." குரலை இன்னும் தாழ்த்தினான். "துப்பாக்கி எண்ணெய் இல்ல. தையல் மிஷின் எண்ணெய் வாசம்."



ஆர்லிஸ் குழாயை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரவை மூன்றையும் வெண்டலின் சாசரில் வைத்தாள். அவன் அவற்றை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆர்லிஸ்!" வராந்தாவிலிருந்து டெல்மர். "அந்த அபார்ட்மெண்ட்காரங்களுக்கு போன் போட்டு, வேணாம்னு சொல்லிடு!"

"சொல்லிட்டாப் போச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மனப்பாடமாகத்தான் இருந்தது.