ருசி பார்ப்பவள்

மே மாதம் பிறந்தாலே தவமலருக்கு வாய் கசக்கத் தொடங்கிவிடும். பதினெட்டாம் திகதி சங்க மண்டபத்தில் நினைவுக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஊரில் போரின் கடைசி நாட்களில், கடற்கரையில் அடைபட்டுக் கிடந்த சனங்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்த கஞ்சி. இங்கே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள்கூட வரிசையில் நின்று தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடிப்பார்கள். முதல் சிரட்டை தவமலருக்கு. அங்கிருந்து தப்பி வந்தவள் அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திதான்.

"ருசி பாத்துச் சொல்லுங்கோ அக்கா," என்றாள் கஞ்சி காய்ச்சிய சுகந்தினி. "போன வருசம் தேங்காய்ப்பால் விட்டது பிழையெண்டு சனம் குறை சொன்னது. இந்த முறை அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும்தான். அங்க குடிச்ச மாதிரியே வந்திருக்கோ?"

தவமலர் ஒரு மிடறு குடித்தாள்.

அங்கே கஞ்சி கொடுக்கத் தொடங்கிய முதல் நாளே, அதை வாங்கிவர வாளியோடு போன கணவன் நின்ற வரிசையில்தான் ஷெல் விழுந்தது. ஆளும் வரவில்லை, வாளியும் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் கஞ்சி கொடுக்கும் பக்கமே போகவில்லை. அந்தக் கஞ்சி ஒரு நாளும் அவள் நாக்கில் பட்டதில்லை.

"அதே ருசிதான்," என்றாள். போன வருடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

சுகந்தினி நிம்மதியாக அகப்பையை எடுத்துக்கொண்டு, வரிசையை முன்னால் வரச் சொன்னாள்.