அடங்காத இருமல்

“லொக்கு... லொக்கு... லொக்கு!”

மேஸ்திரி சண்முகராஜ் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவித் தரையில் சிதறியது.

“யாரது, காலங்காத்தால மில்லுக்குள்ள இருமுறது?”

“நாந்தேன்.” பருத்திக் குவியலுக்குப் பின்னாலிருந்து சங்கிலியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“நேத்து வரைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தியே ஆத்தா! இன்னைக்குன்னு பாத்தா வரணும்?”

“இருமல் என்ன, மொதலாளிகிட்ட கேட்டுக்கிட்டா வரும்?”

சண்முகராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு மதுரையிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். கூடவே ஒரு டாக்டரம்மாவும். பெரியகுளம் ரோட்டிலிருந்த அந்தப் பருத்தி அரவை மில்லில் தூசி உறிஞ்சும் மெஷின் வேண்டுமென்று பெண்கள் இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். முதலாளி அசையவில்லை. பஞ்சுத் தூசியில் இருமியே சாகிறோம் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள்.

‘இன்ஸ்பெக்டர் காதுல ஒரு இருமல் விழுந்தாலும், மறுநாள் நீ மேஸ்திரி இல்ல’ என்று முதலாளி சொல்லியிருந்தார். நேற்றே கூரையில் தொங்கிய பஞ்சை அடித்து, தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாயிற்று. செய்ய வேண்டிய மற்றதையும் சண்முகராஜ் சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தார்.

“பேசாம வீட்டுக்குப் போயிரேன் ஆத்தா.”

“வேலைக்கு வந்தவ வேலை பாக்காமப் போறதா? மாட்டேன்.”

அவளையும் அனுப்பினால் மெஷினுக்குப் பருத்தி தள்ள ஆளில்லை. சண்முகராஜ் கடைக்கு ஓடினார். நாலு மிளகும் ஒரு துண்டு பனங்கற்கண்டும் வந்தன.

“வாயில அடக்கிக்க.”

சங்கிலியம்மாள் நறநறவென்று மென்று விழுங்கினாள்.

“அடக்கச் சொன்னா மெல்லுறியே!”

“ரெண்டு வருசமா அடக்கினது போதும் மேஸ்திரி. லொக்கு... லொக்கு!”

அடுத்து அதிமதுர வேர். சக்கையைத் துப்பிவிட்டு இருமினாள். சளியில்லாத, வறண்ட, பிடிவாதமான இருமல்.

கடைசி அஸ்திரம், சண்முகராஜின் மனைவி மாயக்காள் காய்ச்சும் ஆடாதொடைக் கஷாயம். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. அவசரத்தில் தேன் கலக்காமல் ஒரு செம்பு வந்தது. வாடை பட்டாலே நாக்கு கசக்கும். சங்கிலியம்மாள் ஒரே மூச்சில் குடித்தாள். முகம் கோணவில்லை.

“நல்லாருக்கு. இன்னொரு செம்பு இருந்தாலும் குடுங்க. லொக்கு!”

“எம் பொண்டாட்டி கஷாயத்துக்கு அடங்காத இருமலை நான் பாத்ததே இல்ல!”

“இப்பப் பாத்துக்கிருங்க.”

“வேலைய விட்டுத் தூக்கிருவேன்!”

“தூக்குங்க. கேட்டுல போயி நின்னு இருமுறேன். அங்கன நின்னா ரோட்டுக்கே கேக்கும்.”

சண்முகராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் கையை உயர்த்தினார். மெஷின்கள் நின்றன. அந்த அமைதியில்,

“லொக்கு... லொக்கு... லொக்கு!”

சண்முகராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா சங்கிலியம்மாளை உட்கார வைத்து ஸ்டெதஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

“தொண்டை, நெஞ்சு எல்லாம் சுத்தமா இருக்கே! இருமல் வர்றதுக்கு ஒரு காரணமும் இல்லையே!”

சண்முகராஜுக்குப் போன உயிர் திரும்பியது. “நல்லாச் சொல்லுங்கம்மா! இங்கன யாருக்கும் இருமலே கெடையாது. இவ வேணும்னே நடிக்கிறா!”

சங்கிலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“வாஸ்தவந்தேன், எனக்கு இருமல் இல்லம்மா. நெசமா இருமுற நாலு பேரையும் நேத்தே லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாக. அவுகளுக்கும் சேத்துத்தேன் நான் இருமுனேன். பேரும் ஊரும் சொல்றேன், எழுதிக்கிருங்க!”