இரண்டாவது கட்லெட்

சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. இந்தப் பக்கம், சாப்பாட்டு மேஜையில், சோனியா கணக்கு நோட்டை மூடினாள்.

"இண்டர்வெல், மிஸ்."

லீனா தலையசைத்தாள். எட்டு வயது மகள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள்.

வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு ஒழுங்குக்குத்தான். போன வருஷம் வரை சோனியா வேறொரு பள்ளியில் படித்தவள். வாசிக்கும்போது திக்குகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சிரித்த அன்று, லீனா அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு மகளை வீட்டில் வைத்துக்கொண்டாள். பெங்களூர் காக்ஸ் டவுனில் அவர்கள் வீட்டுக்குப் பின்புறமே ஒரு பள்ளி இருக்கிறது. அதன் மணிதான் இந்த வீட்டுக்கும் மணி.

முதல் மாதம் பாடம் ஓடவே இல்லை. கூட்டலில் ஒரு தப்பு வந்தால் போதும், "மம்மி, போதும் மம்மி" என்று மடியில் வந்து படுத்துக்கொள்வாள்.

அதனால்தான் லீனா அந்த விதியைப் போட்டாள். ஒன்பதிலிருந்து மூன்று வரை மம்மி கிடையாது. மிஸ்தான்.

எட்டே முக்காலுக்கு நைட்டியை மாற்றிக் காட்டன் சேலை கட்டி, தோளில் பின் குத்தி, கைக்கடிகாரமும் போட்டுக்கொள்வாள். மூன்று மணிக்கு மறுபடி நைட்டி.

பிள்ளை அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டது. ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கூப்பிட்டது. அப்புறம் தவறவே இல்லை.

படிப்பு வந்துவிட்டது. துணைதான் வரவில்லை.

"ஒத்தப் புள்ளைய வீட்டுல வச்சு ஊறுகா போடுறியா, லீனா? பேசி விளையாட யாரு இருக்கா அதுக்கு?" என்று நாத்தனார் பெர்னதெத் ஒருநாள் கோயில் வாசலில் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டாள்.

புருஷன் டெஸ்மண்ட் காலை ஏழுக்கு எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அக்கா பேச்சு அவனுக்கும் உறைத்தது. ஜூனுக்குள் பிள்ளைக்கு ஒரு சிநேகிதி அமையாவிட்டால் மறுபடி பள்ளிதான் என்று சொல்லிவிட்டான்.

அந்தச் சமயத்தில், இரண்டு வாரத்துக்கு முன், ஒரு காலை எட்டு மணிக்கு சோனியா அடுப்படிக்கு வந்து நின்றாள். "இனிமே எல்லாமே ரெண்டு ரெண்டா வைங்க, மம்மி."

பாக்ஸ் தினமும் காலியாகத் திரும்பி வந்தது.

லீனாவுக்குச் சொல்லவா வேண்டும். பள்ளியின் பின்பக்கப் படிக்கட்டு அவர்கள் மொட்டைமாடிக்குக் கை எட்டும் தூரத்தில் வளைந்து இறங்குகிறது. அந்தப் படியில் யாரோ ஒரு குட்டி வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொண்டாள். நேற்றுப் பூசை முடிந்ததும் அவளே பெர்னதெத்தைத் தேடிப் போனாள்.

"சோனியாவுக்கு ஃபிரெண்ட் கெடச்சாச்சு, அண்ணி. சேந்துதான் சாப்புடுறாங்க."

இன்று திங்கள். நேற்றைய கறியில் மீந்ததைக் கட்லெட்டாகத் தட்டி, இரண்டு வைத்து அனுப்பியிருந்தாள். இண்டர்வெல்லில் நோட்டுத் திருத்துவதுதான் அவள் வழக்கம். இன்று பேனாவை மூடி வைத்தாள். அந்தக் குட்டியின் முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி ஏறினாள்.

பள்ளியின் பின்பக்கப் படிக்கட்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டெல்லாம் துரு.

கீழே மைதானத்தில் பிள்ளைகளின் இரைச்சல். சோனியா அந்தப் பக்கமே திரும்பவில்லை. தெருவோரக் கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியே, தங்கள் வீட்டு வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்லெட் தின்றாகிவிட்டது. மற்றது டிபன் மூடியில், எதிரே, இலை போட்டு ஆளுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

பக்கத்து மாடியில் உஷா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும்; எந்தக் குழந்தையும் அவளுக்கு 'மரி'தான்.

"என்ன மரி, ஊட்டா ஆச்சா, சாப்ட்டியா? அது யாருக்கு?"

"மம்மிக்கு, ஆன்ட்டி."

"ஆறிப் போவுது பாரு. கூப்புடேன், கீழதான இருக்காங்க?"

"கீழ இருக்கிறது மிஸ், ஆன்ட்டி." புரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்கிற பொறுமை அந்தக் குரலில் இருந்தது. லீனாவின் குரலேதான். "மம்மி மூணு மணிக்குத்தான் வருவாங்க. பழைய ஸ்கூல்ல இண்டர்வெல்லுக்கு கேட்டாண்ட வந்துடுவாங்க, ரெண்டு பேரும் சாப்புடுவோம். இங்கயும் ஒருநாள் வந்தாலும் வருவாங்க."

உஷா சிரித்துவிட்டு, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த துணியை உதறினாள்.

லீனா கடைசிப் படிக்குக் கீழே நின்றாள். இன்னும் ஒரே படிதான். கை தானாகத் தோளுக்குப் போனது. பின்னைக் கழற்றப் பார்த்தாள். அது நூலில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

மணி அடித்தது.

சோனியா கேட்டை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு ஆறிப்போன கட்லெட்டை இரண்டே வாயில் தின்று, பாக்ஸை மூடி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். படியில் நின்றவளைக் கண்டதும் சட்டென்று நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"சாரி மிஸ். இப்பதான் பெல் அடிச்சுது."