என்ன சொன்னா?

தலைமையாசிரியை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை.

"என்ன சொன்னா?"

நாலாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகள் அப்போதுதான் அந்த அறையிலிருந்து எழுந்து போயிருந்தாள். இரண்டு வாரமாக வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. வகுப்பாசிரியை கையைப் பிடித்துக் கூட்டிவந்து கவுன்சிலிங் அறையில் விட்டுப் போனாள். ஒரு பீரியட் முழுக்க உள்ளேதான் இருந்தது.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கிரேயான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பள்ளி உளவியல் படிப்பின் கடைசிக் கட்டப் பயிற்சிக்காக இங்கே வந்தவள். பயிற்சி இன்றோடு முடிகிறது.

தலைமையாசிரியம்மாவுக்கு இவளுடைய பழைய முகம் நினைவில்லை, பெயரும் நினைவில்லை. முள் குத்தியது காலுக்குத்தான் தெரியும், முள்ளுக்கு என்ன தெரியும்?

அதே அறைதான். இவள் அப்போது இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. அந்தம்மா அப்போது தலைமையாசிரியை இல்லை, பள்ளியின் ஆலோசகர். கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் குடும்பங்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பா அடிக்கிறார் என்று இவள் சொன்னாள். அம்மா பெட்டி கட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள், சித்தி வீட்டுக்குப் போய்விடப் போகிறோம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அழுதாள்.

அந்தம்மா தலையைத் தடவிக் கொடுத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். இவள் வகுப்புக்குத் திரும்புவதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். குடும்பம் உடையக்கூடாதாம்.

குடும்பம் உடையவில்லை. அம்மாவின் மணிக்கட்டுதான் உடைந்தது.

அம்மா இவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு மகளிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்தால்கூட இவளுக்கு அடுத்த வீட்டார் சொல்லித்தான் தெரியும்.

பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி இவள் இந்தப் படிப்புக்கு வரவில்லை. பயிற்சிக்கு இந்தப் பள்ளியைக் கேட்டு வாங்கியதும் ஒரே காரணத்துக்காகத்தான். இன்று மாலை ஆசிரியர்கள் அறையில் இவளை வழியனுப்ப டீ. எல்லோரும் பிஸ்கட்டும் கையுமாக நிற்கும்போது, "என்னைத் தெரியுதா மேடம்?" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சபையில் கொட்டிவிடுவதாக இருந்தாள்.

அப்புறம் பள்ளிக்கூடமும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம். சித்தி மகன் தன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இவளுக்கு ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான். "சின்னப் பிள்ளைங்க மூக்கைத் துடைக்கறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று அண்ணன் உரிமையில் கேட்டும் விட்டான். சாயங்காலத்துக்குள் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் அந்தம்மாவும் கேட்டிருந்தாள். பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொள்கிறார்கள், இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடேன் என்று. இவள் சிரித்து மழுப்பினாள்.

இப்போது பழம் தானாக நழுவிப் பாலில் விழுந்திருந்தது.

"இங்க பேசறதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல, மேடம்."

"நான் அவ அம்மா. யாரோவா?"

இவள் டப்பாவை மூடினாள்.

அந்தம்மாவின் குரல் இறங்கிப்போனது. "அவங்கப்பாவைப் பத்தி... ஏதாவது சொன்னாளா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அந்தம்மாவின் காதிலேயே விழுந்தது. கை தன்னால் எழுந்து வாயை மூடியது. முழுக்கைச் சட்டையின் கை முழங்கைப் பக்கம் நழுவ, அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆசிரியர்கள் எதற்கோ சிரித்தார்கள். ஒருத்தி காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும், மாலைக்குள் ஊரே மெல்லும். அதுகூட வேண்டாம். அந்தப் பிள்ளையின் அப்பாவுடைய எண் அலுவலகத்தில் இருக்கும். "உங்க வீட்டு விஷயம் வெளியில வருது சார்" என்று ஒரு போன். பட்ட கடன் வட்டியோடு அடைந்துவிடும்.

நினைக்க நினைக்க இனித்தது. அந்த இனிப்பை இவள் அவசரமில்லாமல் சப்பிக்கொண்டிருந்தாள்.

எதிரே நின்ற முகத்திலிருந்த பயம் இவளுக்குப் புதிதில்லை. வேறொரு முகத்தில் வருஷக்கணக்காகப் பார்த்ததுதான். இரக்கம் வரவேண்டும் என்று படித்த புத்தகங்கள் சொல்லும். வரவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. ஒரு கோப்பை டீயோடு தீர்கிற கணக்கில்லை இது. அந்தம்மா தினமும் இந்த வாசலைத் தாண்டிப் போகவேண்டும். உள்ளே இருப்பவளுக்கு எதெல்லாம் தெரியுமோ என்று தினமும் நெஞ்சு அடித்துக்கொள்ளவேண்டும். யாரிடமும் ஒரு சொல் போகாது என்ற நம்பிக்கை மட்டும் அந்தம்மாவுக்குக் கடைசிவரை வரக்கூடாது.

"காலையில கேட்டீங்களே மேடம். நான் இங்கயே சேர்ந்துக்கறேன். பொண்ணை நாளைக்கும் அனுப்புங்க."

தானே கொடுத்த வேலை. இல்லை என்று சொல்ல அந்தம்மாவுக்கு வழியில்லை. தலையை ஆட்டினாள். போகும்போது சட்டைக் கையை மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இவள் போனை எடுத்து, வரவில்லை என்று சித்தி மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு, பிள்ளை எழுந்துபோன எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை.

உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைக் காட்டியது. இவள் எழுந்து போய்த் தாழ் போட்டாள். அது மேசைமேல் தலையைச் சாய்த்து, பீரியட் முடியும்வரை, அடித்துப் போட்டதுபோலத் தூங்கியது.